எங்கள் வீட்டில் திறக்காத நோன்பு

என் பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தத் தவக்காலத்தில் ஒருசந்தி நோன்பு இருந்தார்கள் என்று நம்பினீர்களே, கோயில் வாசலில் என்னைப் பிடித்து நிறுத்திப் பாராட்டினீர்களே, அது பொய். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மாதா செய்த உதவியை மட்டும் சொன்னால் இது சாட்சி இல்லை, இன்னொரு பொய்தான்.

என் பெயர் ரீட்டா. மஹய்யாவவில் பிறந்து மஹய்யாவவிலேயே வாழ்க்கைப்பட்டவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். குழாயடியில் என்னோடு வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் தெரியும். என் வீட்டுக்காரர் அந்தோனி பெயின்ட் அடிக்கிறவர். மூத்தவள் ஜெனிட்டாவுக்கு அப்போது பதினொரு வயது. சின்னவள் செரினுக்கு ஐந்து.

அந்த வருடம் இயேசு பாலன் பிறந்த நத்தார் முடிந்து கொஞ்ச நாளில் அந்தோனி விழுந்தார். கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு மாடி வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தபோது சாரம் சரிந்துவிட்டது. கால் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஏணியில் ஏறவே கூடாது என்றார்கள். நான் வாவிக்கரைப் பக்கம் ஒரு விடுதியில் அறை துப்புரவு செய்யப் போய்க்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே ஆள் குறைக்கிறோம் என்று எங்கள் நாலு பேரை நிறுத்தினார்கள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை எனக்கு.

பசி ஒரே நாளில் வீட்டுக்குள் வருவதில்லை. முதலில் பால்மா நின்றது. பிறகு முட்டை. பிறகு கருவாடு. பிறகு பகல் சோறு. விபூதிப் புதன் வந்தபோது எங்கள் வீட்டில் காலையில் பிளேன்டீ, சாயங்காலம் ஆளுக்கு ஒரு கோதுமை மா ரொட்டி. சில நாள் பிள்ளைகளுக்கு மட்டும்தான் ரொட்டி. ஜெனிட்டாவின் பள்ளிக்கூடக் கவுனை இடுப்பில் ஊசி குத்திப் பிடித்து அனுப்பினேன். செரின் விளையாடுவதை விட்டுவிட்டாள். பகலெல்லாம் சுருண்டு படுத்திருப்பாள். கிளினிக்குக்குப் போனால் நிறுத்துப் பார்ப்பார்களே என்று அந்த மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு போகவே இல்லை. பெற்ற தாய் செய்கிற வேலையா அது? ஆனால் செய்தேன்.

ஏன் யாரிடமும் கேட்கவில்லை என்று நினைப்பீர்கள். வெட்கம்தான், வேறென்ன. எங்கள் வரிசை வீடுகளில் யாராவது கை நீட்டினால் முதலில் நொட்டை சொல்கிறவளே நான்தான். "வேலைக்குப் போகத் துப்பில்ல, கேட்டு வந்து நிக்குதுங்க" என்று எத்தனை பேரைச் சொல்லியிருப்பேன். அந்த வாயை வைத்துக்கொண்டு நான் போய் எந்த வாசலில் நிற்பது?

தவக்காலத்தின் முதல் வெள்ளி, சிலுவைப்பாதை முடிந்து வெளியே வந்தோம். மறைக்கல்வி சொல்லிக்கொடுக்கிற பிலோமினா டீச்சர் ஜெனிட்டாவின் தாடையைப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன புள்ள இது, கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு? சாப்பிடுறதில்லையா?"

பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"தவக்காலம்தானே டீச்சர். ரெண்டு பேரும் ஒருசந்தி இருக்காங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன், கேக்க மாட்டேங்கிறாங்க."

நாக்கு எப்படித்தான் புரண்டதோ. ஒருநாளைக்கு ஒரே வேளை மட்டும் வயிறாரச் சாப்பிட்டு இயேசுவின் பாடுகளை நினைப்பதுதான் ஒருசந்தி. அதுவும் பெரியவர்களுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு அந்தக் கடமையே கிடையாது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன ஒரு பக்தி!" என்று போய் ஃபாதரிடம் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் ஃபாதர், "எங்கடை பங்கில ரெண்டு சின்னப் பிள்ளையள் ஒருசந்தி இருக்கினம். பெரிய ஆக்கள் நாங்கள் என்ன செய்யிறம்?" என்று கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், பேச்சு அப்படித்தான். கோயிலே திரும்பி எங்களைப் பார்த்தது. எனக்குத் தரை பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல இருந்தது. ஆனால் ஒன்றையும் மறைக்காமல் சொல்வதென்றால், ஓரத்தில் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். என் வீட்டில் மறைக்கச் சோறுகூட இல்லை. பொய்யாலேயே மறைத்தேன்.

அந்தப் பொய் என்ன செய்தது தெரியுமா? வரவேண்டிய சாப்பாட்டையும் வாசலிலேயே நிறுத்தியது. எங்கள் வரிசையில் ஒரு பிள்ளையின் பிறந்தநாள் வந்தது. எல்லா வீட்டுக்கும் கேக் துண்டு போனது. எங்கள் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. "ஒங்க புள்ளைங்க ஒருசந்தி, ஆசை காட்டக் கூடாதுன்னு அனுப்பலக்கா" என்று அந்தப் பிள்ளையின் தாய் எனக்கு மரியாதையோடு வந்து சொல்லிவிட்டுப் போனாள். செரின் கதவு இடுக்கு வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வருடம் தவக்காலத்துக்குள்ளேயே முஸ்லிம்களின் நோன்பும் வந்தது. எங்கள் பக்கத்து வீடு பரீதா ராத்தாவுடையது. ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. பத்து வருடமாக நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் நோன்பன்றைக்கு ஒரு சட்டி நிறையக் கஞ்சி எங்கள் வீட்டுக்கு வரும். தேங்காய்ப்பால் விட்டு, இறைச்சித் துண்டு போட்டு, ரம்பை இலை மணக்க மணக்க வரும். அதை நினைத்துப் பிள்ளைகள் நாலு நாளாகக் காத்திருந்தார்கள். நானும்தான் காத்திருந்தேன்.

சட்டி வந்தது. ஆனால் அந்த நேரம் பார்த்து பிலோமினா டீச்சர் என் வீட்டுக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அந்தோனியின் காலைப் பார்க்க வந்தவர்.

"ரீட்டா, கஞ்சி ஈக்கி, சூடாறுறதுக்குள்ள எடுங்க" என்றார் ராத்தா. இருக்கு என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

நான் டீச்சரைப் பார்த்தேன். சட்டியைப் பார்த்தேன். "வேணாம் ராத்தா, தவக்காலம். புள்ளைங்க ஒருசந்தி" என்றேன்.

ராத்தா நோன்பின் அருமை தெரிந்தவர். "அப்படியா, மாஷா அல்லாஹ்! நான் கெடுக்க மாட்டேன்" என்று பிள்ளைகளின் தலையைத் தடவிவிட்டு, சட்டியோடு திரும்பிப் போய்விட்டார். டீச்சர் போன பிறகு ஜெனிட்டா என் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டாள். செரின் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

அந்தோனி அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "நீ மாதாகிட்ட என்னதான் கேக்குற?" என்றார்.

உண்மையைச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் மத்தியானம் கோயில் முற்றத்து மாதா கெபியில், அந்தக் கல்குகைக்கு முன்னால் முழங்காலில் நின்று, "தாயே, என் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வேண்டும், ஆனால் யாருக்கும் தெரியக் கூடாது" என்றுதான் கேட்டுவந்தேன். யார் வழியாக, எப்படி வந்தாலும் சரி, தெரியக் கூடாது. அதுதான் என் செபம்.

"கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசைன்னா எப்படி?" என்றார். பிறகு கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டே, "அதுலயும் ஒனக்கு மீசையே இல்ல" என்றார். அவ்வளவு கஷ்டத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன், சிரித்தபடியே அழுதேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் எங்கள் வீட்டு அடுப்பில் தேத்தண்ணி தவிரப் பெரிதாக ஒன்றும் ஏறவில்லை. மா தீர்ந்துவிட்டது. பிலாக்கொட்டை கொஞ்சம் இருந்தது, அவித்துக் கொடுத்தேன். அதுவும் தீர்ந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் கெபிக்குப் போனபோது பழைய செபத்தைச் சொல்ல வாய் வரவில்லை. "தாயே, எப்படியாவது. ஊரே சிரித்தாலும் பரவாயில்லை. எப்படியாவது" என்றேன். நிபந்தனை இல்லாமல் நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அன்று சாயங்காலம் பள்ளிவாசலில் நோன்பு திறக்கப் பாங்கு சொன்னார்கள். திரும்பிப் பார்த்தால் செரினைக் காணவில்லை. அவள் சாப்பிடுகிற தட்டையும் காணவில்லை. ஓடிப்போய் ராத்தாவின் வாசலில் நின்றேன். உள்ளே அவர்கள் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கப் போகிற நேரம். நடுவில் என் பிள்ளை தட்டோடு நிற்கிறாள்.

"நாங்களும் நோன்புதான்" என்றாள். "ஆனா எங்க வீட்டுல இன்னும் தொறக்கல."

ராத்தாதான் கேட்டார். "நீங்க எப்ப தொறப்பீங்க மகள்?"

"ஈஸ்டருக்குன்னு அம்மா சொன்னாங்க. ஒங்க வீட்டுல மட்டும் தெனமும் தொறக்குறீங்க. நான் இங்க தொறக்கவா?"

பாருங்கள், பிள்ளை பொய் சொல்லவில்லை. நான் சொன்ன பொய்யை அப்படியே நம்பி, பக்கத்து வீட்டு வழக்கத்தையும் பார்த்து, இரண்டையும் சேர்த்து அவளுக்குத் தெரிந்த நியாயத்தைக் கேட்டாள். நோன்பு என்றால் பாங்கு சொன்னதும் திறக்க வேண்டும். நம் வீட்டில் மட்டும் ஏன் திறக்கவில்லை? ஐந்து வயதுப் பிள்ளைக்கு அதில் என்ன தப்பு தெரியும்!

ராத்தா தன் கையில் இருந்த பேரீச்சம்பழத்தைச் செரின் வாயில் வைத்தார். அவரே இன்னும் நோன்பு திறக்கவில்லை. பிள்ளையை மடியில் இருத்திக் கஞ்சி ஊட்டத் தொடங்கினார். அதற்குப் பிறகுதான் வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

"உள்ளுக்கு வாங்க ரீட்டா. பெரிய புள்ளையையும் கூப்பிடுங்க. அந்தோனிக்கு நான் அனுப்புறேன்."

நான் அசையவில்லை. ராத்தா கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தார். "நான் கொண்டு வந்த சட்டிய நானே திருப்பி எடுத்துட்டுப் போனேனே! இந்தப் புள்ளைட மொகத்தப் பாத்துக்கிட்டுப் போனேனே! என்னத்துக்கு எனக்கிட்ட செல்லல்ல? நான் ஒங்களுக்கு யாரு?"

அவர் திட்டியதைவிட அந்தக் கடைசிக் கேள்விதான் என்னைச் சுட்டது. அந்தப் பாயில் நானும் உட்கார்ந்தேன். ஜெனிட்டா இரண்டு கோப்பை குடித்தாள். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அவள் என்னோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

அடுத்த நாளே ராத்தா நேராகப் பிலோமினா டீச்சரின் வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரக் கேட்டு ராத்தா சொன்னீங்க?" என்று கத்தினேன். முந்தின நாள் ஊரே சிரித்தாலும் பரவாயில்லை என்று கெபியில் சொன்ன அதே வாய்! டீச்சர் கோபிக்கவில்லை. "புள்ள வாடியிருக்குன்னு கண்டேன். நீ சொன்னதக் கேட்டதும் கண்ண மூடிக்கிட்டேனே ரீட்டா. எனக்கும் அந்த பதில்தான் சுகமா இருந்துச்சு" என்றார். கொண்டுவந்த அரிசியையும் பருப்பையும் அவரே உள்ளே கொண்டுபோய் வைத்தார். அதற்கு மேல் கத்த எனக்குத் தெம்பில்லை.

அன்றே ஃபாதர் தங்கியிருக்கிற அறைவீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார் என்று நினைத்தேன்.

"நீங்கள் பொய் சொன்னீங்கள், ஓம். நான் என்ன செய்தனான்? அதை மைக்கில சொன்னனான்" என்றார். பிறகு என்னிடமே கேட்டார். "வேற எத்தினை வீட்டில இப்பிடி இருக்குது எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியும். பசித்தவளுக்குப் பசித்தவளைத் தெரியாதா? மத்தியானத்தில் குழாயடிக்கு வந்து வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிற பிள்ளைகளைத் தெரியும். உலை கொதிக்காத வீட்டையும் தெரியும். இவ்வளவு நாளும் கண்டும் காணாதவளாக இருந்தேன்.

"அப்ப ஒரு லிஸ்ட் எழுதித் தாங்கோ. அந்தப் பிள்ளையளுக்கு ஏதும் செய்வம்."

"லிஸ்ட் வேணாம் ஃபாதர்" என்றேன். "அதுல முதல் பேர் எம் புள்ளைங்க பேருதான் வரும்னு தெரிஞ்சும் சொல்றேன், வேணாம். பேர் எழுதிட்டீங்கன்னா நான் அனுப்ப மாட்டேன். என்ன மாதிரி வீம்புக்காரி ஒருத்தியும் அனுப்ப மாட்டா."

"அப்ப என்ன செய்யிறது?"

"எல்லாப் புள்ளையும் வந்து கஞ்சி குடிக்கட்டும். இருக்கிறவன் புள்ளையும், இல்லாதவன் புள்ளையும். யாரு எதுக்கு வந்தான்னு ஒருத்தருக்கும் தெரியாது."

ஃபாதர் என்னையே பார்த்தார். "நீங்கள்தான் காய்ச்ச வேணும்" என்றார்.

ஈஸ்டரும் ராத்தா வீட்டுப் பெருநாளும் முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள், கோயில் மண்டபத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டினோம். காலை ஆறு மணி. வல்லாரையும் கறிவேப்பிலையும் அரைத்துச் சாறெடுத்து விட்ட இலைக்கஞ்சி, கடித்துக்கொள்ள ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. அரிசி எல்லா வீட்டிலிருந்தும் ஒரு பிடி. அந்தப் பிடியும் இல்லாதவர்கள் விறகு கொண்டு வந்தார்கள், கறிவேப்பிலை கொண்டு வந்தார்கள். வெறுங்கையோடு வருகிறோம் என்று யாருக்கும் தோன்றக் கூடாது. தேங்காய் ராத்தாவின் வீட்டிலிருந்து. அந்தோனி கதிரையில் காலை நீட்டி உட்கார்ந்தபடியே தேங்காய் துருவினார்.

முதல் நாள் அவசரத்தில் அடிப்பிடித்துவிட்டது. "புல்லுக் கஞ்சி, அதுலயும் தீஞ்ச புல்லு" என்று பொடிசுகள் கேலி செய்தன. நாலே நாலு பிள்ளைகள்தான் வந்தார்கள். நான் நினைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் ஒருவரும் இல்லை. எனக்குத் தெரியும், தாய்மார் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் நிற்பேன். இரண்டாம் நாள் பிலோமினா டீச்சர், பளபளவென்று சப்பாத்துப் போட்ட தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிறுத்தினார். ராத்தா தன் மூன்று பிள்ளைகளையும் அனுப்பினார். அரசாங்க உத்தியோகம் பார்க்கிற கிளாக்கர் ஐயா வீட்டுப் பையனும் வந்தான். கிளாக்கர் ஐயாவின் மகனே நிற்கிற வரிசையில் நிற்க யாருக்கு என்ன வெட்கம்? அந்த வாரம் முடிவதற்குள் நான் எதிர்பார்த்த பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். இன்னும் ஒரு பெரிய பானை வாங்க வேண்டியதாயிற்று.

இப்போது அந்தோனி வேலைக்குப் போகிறார். மேல்மாடிக்கு இன்னும் ஏறுவதில்லை, கீழ்ச் சுவர்தான். நான் காலையில் கஞ்சி காய்ச்சிவிட்டு ஒரு வீட்டில் சமையலுக்குப் போகிறேன். வசதி வந்துவிடவில்லை. மாதக் கடைசி இன்னும் இழுபறிதான். ஆனால் எனக்கு நிம்மதி இருக்கிறது. இல்லாத நாளில் ராத்தாவின் கதவைத் தட்டி, "ராத்தா, இன்னைக்கு இல்ல" என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்புகிறது. அவர் வீட்டில் இல்லாத நாளில் அவரும் வந்து என்னிடம் கேட்கிறார். யாரையும் நொட்டை சொல்கிற பழக்கத்தையும் பாதிக்கு மேல் விட்டுவிட்டேன். மீதியை விட மாதாதான் அருள் தர வேண்டும்.

யாருக்கும் தெரியாமல் உதவி வேண்டும் என்று நான் கேட்ட மன்றாட்டை மாதா கேட்கவே இல்லை என்று ஒரு காலத்தில் மனத்தாங்கலாக இருந்தேன். கேட்டுத்தான் இருக்கிறார். அப்படியே தந்திருந்தால் என் வீட்டில் மட்டும் நாலு நாள் உலை கொதித்திருக்கும். என் பொய்யும் வாழ்ந்திருக்கும். குழாயடியில் தண்ணீர் குடித்துப் பசியாறிய பிள்ளைகள் இன்னும் அதையே குடித்துக்கொண்டிருப்பார்கள்.

இதை வாசிக்கிற தாய்மாரில் யார் வீட்டில் இன்று அடுப்பு எரியவில்லையோ, அவர்களிடம்தான் பேசுகிறேன். செபியுங்கள். நம்பிச் செபியுங்கள். ஆனால் வெட்கத்தைக் கூட்டிக்கொண்டு முழங்காலில் நிற்காதீர்கள், அது உங்களுக்கு முன்னால் பேசிவிடும். செபித்து எழும்பியதும் பக்கத்து வீட்டில் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள். மஹய்யாவப் பக்கம் இருந்தால் பிள்ளையைக் காலையில் எங்களிடம் அனுப்புங்கள். பெயர் கேட்க மாட்டோம். எந்தக் கோயில் என்றும் கேட்க மாட்டோம்.

போன வாரம் ஒரு காலையில் செரின் கஞ்சிக் கோப்பையைப் பாதியில் கீழே வைத்தாள். சாப்பாட்டை மிச்சம் வைத்தால் கரண்டியைத் தூக்குகிற தாய் நான். "என்ன புள்ள, குடி" என்றேன்.

"போதும்மா. வயிறு நெறஞ்சிருச்சு" என்றாள். துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டாள்.

கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். என் பிள்ளை போதும் என்று சொல்லிவிட்டாள். பானைக்குப் பக்கத்திலேயே நின்று, சத்தமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஆமென் என்றேன்.